நீல் சிலை போன வழி: பொது இடத்துச் சிலைகளை அகற்றலாமா?

தாமரைக்குளம் எழுதியது:

பொது இடத்தில் நிற்கும் ஒரு சிலையை அகற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால், வரலாற்றை அழிக்காதீர்கள் என்ற குரல் உடனே எழுகிறது. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தென்னாப்பிரிக்காவிலும் இந்த வழக்கு பத்தாண்டுகளுக்கு மேலாக ஓய்ந்தபாடில்லை. ஆனால் இதே வழக்கைச் சென்னை மாநகரம் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன்பே கையிலெடுத்து, தெருவில் இறங்கிப் போராடி, சிறைக்குப் போய், பத்தாண்டு காத்திருந்து, ஒரு முடிவையும் கண்டிருக்கிறது. அதைப் பற்றி நாமே அதிகம் பேசுவதில்லை என்பதால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

மவுண்ட் ரோட்டில் ஸ்பென்சர் கடைக்கு அருகே, இன்றைய அண்ணா சாலையில், கர்னல் ஜேம்ஸ் நீலின் சிலை நின்றது. 1857இல் சிப்பாய்க் கிளர்ச்சியை அடக்க மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படையுடன் வடக்கே சென்ற நீல், காசியிலும் அலகாபாத்திலும் செய்தவற்றை ஆங்கிலேய வரலாற்றாசிரியர்களே மறைக்கவில்லை. ஊர்கள் கொளுத்தப்பட்டன, கிளர்ச்சியில் பங்கு உண்டா இல்லையா என்று விசாரிக்காமலே, வயதுகூடப் பாராமல், மனிதர்களை மரக்கிளைகளில் தூக்கிலிட்டார்கள். கான்பூரில் தூக்குக்குப் போகும் கைதிகளை முதலில் தரையில் உறைந்திருந்த இரத்தத்தைத் துடைக்கச் செய்ய வேண்டும், மறுப்பவரைச் சவுக்கால் அடிக்க வேண்டும் என்று அவர் ஆணையிட்டார். சாதியையும் மதத்தையும் இழந்த நிலையில்தான் அவர்கள் சாக வேண்டும் என்பதே அந்த ஆணையின் நோக்கம். 1857 செப்டம்பர் 25 அன்று இலக்னோவில் அவர் கொல்லப்பட்டார். சில ஆண்டுகளுக்குள் மேத்யூ நோபிள் என்ற சிற்பி வடித்த வெண்கலச் சிலை சென்னைக்கு வந்து சேர்ந்தது. கிளர்ச்சி வெள்ளத்தை முதலில் தடுத்து நிறுத்தியவர் என்று அதன் பீடம் அவரைப் புகழ்ந்தது.

1927இல் சிலையை அகற்றக் கோரிச் சத்தியாக்கிரகம் நடந்தது. 1937இல் இராஜாஜி அமைச்சரவை பதவிக்கு வந்த பிறகு சிலை சாலையைவிட்டு அகற்றப்பட்டது. இப்போது அது எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. யாரும் அதை உருக்கவில்லை, உடைக்கவில்லை. சாலையில் அதற்கிருந்த மரியாதை போயிற்று, பொருள் மிஞ்சியது. இதுவே சரியான வழி என்பது என் நிலைப்பாடு. மாற்றுக் கருத்து உடையவர்கள் காரணத்தோடு எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

---

கூவம்கரை எழுதியது:

நல்ல தொடக்கம். ஆனால் மூன்று இடங்களில் நான் மாறுபடுகிறேன்.

முதலாவது, அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? அண்ணா சாலையில் ஒரு நாளில் கடந்து செல்கிறவர்களோடு ஒப்பிட்டால் அது ஒரு துளி. நீல் இன்றும் அங்கேயே நின்று, அவர் அலகாபாத்தில் செய்தது பக்கத்தில் ஒரு பலகையில் பெரிய எழுத்தில் எழுதப்பட்டிருந்தால், பேருந்துக்குக் காத்திருக்கும் பள்ளிப் பிள்ளைகூட அதைப் படித்திருக்கும். அகற்றியதால் நாம் பெற்றது மறதிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. இந்த இழையைப் படிப்பவர்களில் நீல் என்ற பெயரை இதற்கு முன் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்.

இரண்டாவது, கான்பூரில் பீபிகர் என்ற வீட்டில் சிறைவைக்கப்பட்டிருந்த ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் 1857 ஜூலை 15 அன்று வெட்டிக் கொல்லப்பட்டு, உடல்கள் கிணற்றில் வீசப்பட்டன. நீலின் ஆணை அதற்குப் பிறகு வந்தது. அதைக் குறிப்பிடாமல் நீலின் கொடுமையை மட்டும் எழுதுவது ஒரு பக்கத்தை மட்டும் காட்டுவதாகும்.

மூன்றாவது, நீலோடு இது நிற்குமா? தீவுத்திடலில் தாமஸ் மன்றோ அங்கவடி இல்லாத குதிரையில் அமர்ந்திருக்கிறார். அவரும் கம்பெனியின் படைவீரர்தான், ஆளுநர்தான். நாளை அவரையும் இறக்கச் சொல்வீர்களா?

---

தாமரைக்குளம் எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு மட்டும் இப்போதே விடை சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது காலவரிசை பற்றியது. பீபிகர் படுகொலை ஜூலையில் நடந்தது. அலகாபாத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நீல் நடத்திய கொலைகள் ஜூனில் நடந்தவை. பழிவாங்கல் என்ற விளக்கம் கான்பூர் ஆணைக்கு ஒருவேளை பொருந்தலாம்; அலகாபாத்துக்குப் பொருந்தாது. பீபிகரில் மாண்டவர்களுக்காக நானும் வருந்துகிறேன். ஆனால் நீலுக்குச் சிலை எழுப்பியவர்கள் அந்தப் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமாகவா மவுண்ட் ரோட்டில் அதை நிறுத்தினார்கள்? ஒரு தளபதியின் வெற்றியைத்தான் அவர்கள் அங்கே நிறுத்தினார்கள்.

---

வாசுகி (பிரிஸ்டல்) எழுதியது:

வணக்கம். கூவம்கரை ஐயா சொன்ன பலகை யோசனையை நான் வாழும் ஊர் உண்மையிலேயே முயன்று பார்த்தது என்பதால் அதைப் பற்றி மட்டும் விரிவாக எழுதுகிறேன்.

எட்வர்ட் கோல்ஸ்டன் இங்கிலாந்தின் இந்தப் பிரிஸ்டல் நகரில் பிறந்த வணிகர், 1721இல் இறந்தவர். ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியில் உயர் பொறுப்பில் இருந்தவர். அவருடைய காலத்தில் அந்த நிறுவனம் ஏறத்தாழ 84,000 ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கப்பலேற்றியது என்றும், அவர்களில் ஏறத்தாழ 19,000 பேர் கரை காணாமலே கடலில் மாண்டனர் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். அவருக்குச் சிலை வைத்தது 1895இல். அவர் இறந்து 174 ஆண்டுகள் கழித்து, அடிமை முறையே பிரிட்டிஷ் சட்டத்தில் ஒழிந்து அரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து, நகரின் மிக நற்குணமும் அறிவும் வாய்ந்த மைந்தர்களில் ஒருவர் என்று அவரைப் பீடத்தில் பொறித்தார்கள். ஊருக்கு அவர் கொடுத்த நன்கொடைகள் அனைவருக்கும் தெரியும். அந்தப் பணத்தில் ஒரு பெரும்பங்கு எங்கிருந்து வந்தது என்பதைப் பற்றிப் பீடத்தில் ஒரு சொல்கூட இல்லை.

இந்தச் சிலையை எதிர்த்தவர்கள் எடுத்த எடுப்பிலேயே கயிற்றோடு வரவில்லை. பல்லாண்டுகளாக மனு எழுதினார்கள், கூட்டம் கூட்டினார்கள். கடைசியில், சிலை அங்கேயே இருக்கட்டும், உண்மையைச் சொல்லும் இரண்டாவது பலகை ஒன்றை வைப்போம் என்று 2018இல் நகரசபை முன்வந்தது. உடனே வாசகத்தைப் பற்றிய சண்டை தொடங்கியது. இறந்த குழந்தைகளைக் குறிப்பிடலாமா, அவருடைய கொடைகளை எத்தனை வரியில் சொல்வது, அடிமை வணிகர் என்ற சொல் முதல் வரியில் வருமா என்று திருத்தம் மேல் திருத்தம் நடந்தது. வாசகத்தின் கூர்மை மழுங்கிக்கொண்டே போனது. பலகை வார்க்கப்பட்ட பிறகும், 2019இல், அந்த வாசகத்தை ஏற்க முடியாது என்று மேயர் நிறுத்திவிட்டார். ஆக ஒரு நகரம் தன் சிலைக்குக் கீழே சில வரிகளைக்கூட எழுத முடியாமல் போன பிறகுதான், 2020 ஜூன் 7 அன்று கூட்டம் கயிறு கட்டி இழுத்து, சிலையைத் துறைமுகத்து நீரில் தள்ளியது. பலகை வைத்தால் போதும் என்கிறவர்கள், அந்தப் பலகையை யார் எழுதுவார்கள், எழுத விடுவார்களா என்பதையும் சேர்த்துச் சிந்திக்க வேண்டும்.

நான்கு நாளில் சிலையை நீரிலிருந்து எடுத்தார்கள். பின்னர் அதை எம் ஷெட் அருங்காட்சியகத்தில் நிற்க வைக்காமல் மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். நான் போய்ப் பார்த்தேன். முகத்திலும் மேலங்கியிலும் அன்று பூசிய சிவப்பும் நீலமுமான வண்ணத்தை அழியாமல் விட்டிருந்தார்கள். சிலையைச் சுத்தம் செய்தபோது மேலங்கியின் வாலுக்குள் 1895ஆம் ஆண்டு இதழ் ஒன்று சுருட்டிச் செருகப்பட்டிருந்தது கண்டெடுக்கப்பட்டது. சிலையை நிறுவிய தொழிலாளர்கள் அதில் தங்கள் பெயரை எழுதிவைத்திருந்தார்கள். நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் பீடத்தின்மேல் நின்றபோது அந்தச் சிலை சொல்லாத செய்திகளைக் கீழே படுத்த பிறகு சொல்லியிருக்கிறது. அதைப் பார்த்த எவரும், கோல்ஸ்டன் பிரிஸ்டலின் வரலாற்றிலிருந்து அழிக்கப்பட்டார் என்று சொல்ல மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

---

சட்டமுனி எழுதியது:

வாசுகி அம்மையாரின் பதிவு அருமை. ஆனால் கயிறு கட்டி இழுத்ததை இந்த இழை அமைதியாகக் கடந்துபோவதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட நால்வரையும் ஜூரிகள் 2022 ஜனவரியில் விடுவித்தார்கள் என்பது உண்மை. அதே ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம், பெருஞ்சேதம் விளைவிக்கும் செயலுக்குப் போராட்ட உரிமை பாதுகாப்புத் தராது என்று சட்டத்தை விளக்கியது என்பதும் உண்மை. இரண்டாவதை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

கூட்டத்துக்கு அந்த உரிமையைக் கொடுத்தால், நமக்குப் பிடித்த கூட்டத்துக்கு மட்டும் அதைக் கொடுத்துவிட்டு நிறுத்த முடியாது. நம் நாட்டில் அம்பேத்கர் சிலைகளையும் பெரியார் சிலைகளையும் இரவோடிரவாகச் சேதப்படுத்துகிறவர்களும், தாங்கள் ஓர் அவமானத்தைத்தான் அகற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கக்கூடும். கம்பிக் கூண்டுக்குள் அம்பேத்கரை நிறுத்த வேண்டிய நிலைக்குத் தமிழ்நாட்டின் ஊர்கள் வந்திருக்கின்றன. எந்தச் சிலை போக வேண்டும் என்பதைவிட, யார், எந்த முறையில், எந்த அவையில் அதை முடிவு செய்வது என்பதே எனக்கு முதன்மையான கேள்வி.

அதே நேரத்தில், சட்டத்தின் வழி எவ்வளவு மெதுவானது என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. ஜெய்ப்பூரில் ராஜஸ்தான் உயர்நீதிமன்ற வளாகத்தில் 1989இல் மனுஸ்மிருதியின் மனுவுக்குச் சிலை வைத்தார்கள். அதை அகற்ற நீதிபதிகளே கூடி முடிவெடுத்தும், அந்த முடிவை எதிர்த்த வழக்கில் தடை வந்து, சிலை அங்கேயே நிற்கிறது. பிறப்பால் மனிதரைத் தரம் பிரித்த சட்ட நூலுக்குரியவர், சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்று சொல்லும் அரசியல் சட்டத்தின் கீழ் இயங்கும் நீதிமன்றத்தின் முற்றத்தில் நிற்கிறார். 2018இல் இரண்டு பெண்கள் அந்தச் சிலைமீது கறுப்பு வண்ணம் பூசிக் கைதானார்கள். நான் அவர்கள் செய்ததை ஆதரிக்கவில்லை. ஆனால் இத்தனை ஆண்டு நிலுவைக்குப் பிறகு, சட்டப்படி காத்திருங்கள் என்று அவர்களிடம் சொல்லும்போது என் குரல் தாழ்ந்துவிடுகிறது.

---

பொருநைக்கரையோன் எழுதியது:

சட்டமுனி ஐயா கேட்ட முறை பற்றிய கேள்விக்கு 1927இலேயே ஒரு விடை இருக்கிறது. நீல் சிலைப் போராட்டத்தின் தொடக்கத்தில் தொண்டர்கள் சிலையை உளியும் சுத்தியலும் கொண்டு சேதப்படுத்த முயன்று கைதானார்கள். பிறகு அதைத் தலைமையேற்று நடத்தியவர்களில் எங்கள் திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்த சோமயாஜுலு முக்கியமானவர். அந்த ஆண்டு காந்தி சென்னை வந்தபோது இளைஞர் காமராஜர் முதலியோர் அவருடைய ஒப்புதலைப் பெற்றார்கள். அகிம்சை வழியில் நடக்கும்வரை ஆதரவு உண்டு என்பதுதான் காந்தியின் நிபந்தனை. தொண்டர்கள் அணி அணியாகச் சென்று கைதானார்கள். கடலூர் அஞ்சலையம்மாள் தம் சின்னஞ்சிறு மகள் அம்மாக்கண்ணுவுடன் அதில் கலந்துகொண்டார். காந்தி பின்னர் அந்தச் சிறுமிக்கு லீலாவதி என்று பெயரிட்டு வார்தாவுக்கு அழைத்துச் சென்றார்.

ஒரு கைத்தறித் தொழிலாளர் குடும்பத்துத் தாயும் மகளும் ஆயுதமின்றிப் போய் நின்ற அந்த நடைபாதையைத்தான் நான் அந்தப் போராட்டத்தின் மையமாகக் கருதுகிறேன். சிலை அன்று விழவில்லை. சைமன் கமிஷன் எதிர்ப்பு முன்னுக்கு வந்ததும் போராட்டம் ஓய்ந்தது. ஆனாலும் அந்தச் சிலையை இனி யாராலும் பெருமையோடு பார்க்க முடியாத நிலையை அவர்கள் உண்டாக்கிவிட்டார்கள். பத்தாண்டு கழித்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆட்சி வந்தபோது அகற்றுவது எளிதாயிற்று. போராட்டம் முதலில், ஆணை பிறகு என்ற இந்த வரிசையில் ஒன்றை விட்டுவிட்டு மற்றொன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

இதையே இன்னொரு பக்கத்திலிருந்தும் பார்க்க வேண்டும், அது நமக்குச் சற்று வலிக்கும். 2016இல் கானா பல்கலைக்கழக வளாகத்தில் காந்தி சிலையை நம் குடியரசுத் தலைவர் திறந்துவைத்தார். தென்னாப்பிரிக்காவில் இருந்த தொடக்க ஆண்டுகளில் காந்தி கறுப்பின மக்களைத் தாழ்வாக எழுதிய வரிகளை எடுத்துக்காட்டி, அங்குள்ள பேராசிரியர்கள் அதை அகற்றக் கோரினார்கள். 2018 டிசம்பரில் சிலை அகற்றப்பட்டது. அந்த வரிகள் அச்சில் இருக்கின்றன, மறுப்பதற்கில்லை. பின்னாளில் அவர் மாறினார் என்று நான் நம்புகிறேன். ஆனால் கானாவின் தலைநகரான அக்ராவில் படிக்கும் மாணவர் ஒருவர் தினமும் வகுப்புக்குப் போகும் வழியில் யாரை வணங்க வேண்டும் என்று முடிவு செய்யும் உரிமை புதுதில்லிக்கு இல்லை. நீலை இறக்கும் உரிமை நமக்கு இருந்தது என்றால், காந்தியை இறக்கும் உரிமை அவர்களுக்கும் இருந்தது. அங்கே வருத்தப்பட்டு இங்கே பெருமைப்படுவது நேர்மையாகாது.

---

கூவம்கரை எழுதியது:

பிரிஸ்டலில் பலகை பட்ட பாட்டைப் படித்த பிறகு, பலகை எளிய வழி என்று இனி நான் வாதிட மாட்டேன். ஆனால் என் மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லை. மன்றோ என்ன ஆவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அகற்றிய பிறகு அந்தப் பொருளைப் போற்றுகிறோமா? தில்லியில் இந்தியா கேட் விதானத்தின் கீழ் நின்ற ஐந்தாம் ஜார்ஜ் 1968இல் இறக்கப்பட்டு, 1911 தர்பார் நடந்த கொரோனேஷன் பூங்காவுக்குக் கொண்டுபோகப்பட்டார். அவருக்கு முன்னும் பின்னுமாக வந்து சேர்ந்த ஆளுநர்களோடு அங்கே புதர்களுக்கிடையில் நெடுங்காலம் கவனிப்பாரின்றிக் கிடந்தார். அது அருங்காட்சியகம் ஆகாது. அப்படிப் போடுவதற்கும் உருக்கிவிடுவதற்கும் பெரிய வேறுபாடு எனக்குத் தெரியவில்லை.

---

மதிவாணி எழுதியது:

மன்றோவைப் பற்றி எழுதுகிறேன். பாளையக்காரர்களை ஒடுக்கியதில் அவருக்குப் பங்கு உண்டு. நிஜாம் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த மாவட்டங்களில் (இன்றைய ராயலசீமைப் பகுதி) எண்பது பாளையக்காரர்களின் அதிகாரத்தை அவர் ஒழித்தார். மைசூர்ப் போர்களில் போரிட்டவர். ஆகவே அவர் கைகள் தூய்மையானவை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே மாவட்டங்களில் நிலவரி உழவர் தாங்க முடியாத அளவில் இருக்கிறது, அதில் கால் பங்கைக் குறைக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதியவரும் அவரே. இந்தியர்களை உயர் பதவிகளிலிருந்து விலக்கிவைப்பது அவர்களைச் சிறுமைப்படுத்துவதாகும் என்று 1820களிலேயே வாதிட்டவர். 1827இல் அந்த மாவட்டங்களிலேயே சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தபோது பத்திகொண்டாவில் காலராவால் இறந்தார். மக்கள் தம் பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைத்தார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் இது: இவர் நல்லவரா கெட்டவரா என்று மொத்தமாகத் தீர்ப்பெழுத நமக்கு வேண்டியதில்லை. எந்தச் செயலுக்காக இந்தச் சிலை எழுப்பப்பட்டது என்று கேட்டால் போதும். நீலுக்குச் சிலை எழுப்பியது, எந்தச் செயலை நாம் கொடுமை என்கிறோமோ அதே செயலுக்காக. அந்தப் படையெடுப்பைக் கழித்துவிட்டால் அவரைச் சிலையாக்கக் காரணமே இல்லை. மன்றோவின் சிலையை எழுப்பியவர்கள் அவருடைய ஆட்சிக்காக எழுப்பினார்கள். அதில் குறை காணலாம், குறைகளைப் பக்கத்தில் எழுதியும் வைக்கலாம். அவரை இறக்க வேண்டும் என்ற வாதம் எனக்கு வலுவாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் இராபர்ட் லீ இந்த அளவுகோலில் நீலின் பக்கம்தான் விழுகிறார். ரிச்மண்டில் அவருடைய மாபெரும் சிலை 1890இல் எழுந்தது. உள்நாட்டுப் போரில் தென் மாநிலங்கள் தோற்றுக் கால் நூற்றாண்டு கழித்து, விடுதலை பெற்ற கறுப்பின மக்களிடமிருந்து வாக்குரிமையைத் திரும்பப் பறித்துக்கொண்டிருந்த காலம் அது. அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன அரசின் தளபதி என்பதைத் தவிர அந்த உயரத்தில் அவரை நிறுத்த வேறு காரணம் இல்லை. 2021 செப்டம்பரில் மாநில ஆளுநரின் ஆணைப்படியும், மாநில உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்புப்படியும் அது இறக்கப்பட்டது. சட்டமுனி ஐயா கேட்ட முறை அங்கே கடைப்பிடிக்கப்பட்டது என்பதையும் குறிப்பிடுகிறேன். ஆனால் அதே லீயின் சார்லட்ஸ்வில் சிலையை 2023இல் உருக்கிவிட்டார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. பொருள் இருந்தால்தான் அடுத்த தலைமுறை நம் முடிவைச் சோதித்துப் பார்க்க முடியும்.

---

சட்டமுனி எழுதியது:

மதிவாணி அவர்களின் அளவுகோலை ஏற்கிறேன், ஒரு சேர்க்கையோடு. சிலை நிற்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். மனு ஒரு நூலகத்தில் நின்றால் நான் வாய் திறக்க மாட்டேன். நீதி கேட்டு வருகிறவர் கடந்துபோக வேண்டிய முற்றத்தில் நிற்பதுதான் கொடுமை. நீலுக்கும் அப்படித்தான். கோல்கத்தாவில் ஒரு படைமுகாமுக்குள் நின்றிருந்தால் 1927 வந்திருக்காது.

---

தாமரைக்குளம் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கூவம்கரை அவர்களின் கவலை எனக்கும் உண்டு. சாலையிலிருந்து எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிட்டால், எழும்பூரில் நிற்பது பெயர் தெரியாத ஒரு வெள்ளைக்காரரின் வெண்கல உருவமாகத்தான் எஞ்சும். ஆகவே நீல் சிலைக்கு அருகே தமிழில் எழுதப்பட வேண்டியது எது என்று நாமே ஒரு வரைவு எழுதிப் பார்க்கலாம். என் முயற்சி இது:

"ஜேம்ஸ் நீல் (1810–1857), மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படையின் தளபதி. 1857 ஜூனில் காசியிலும் அலகாபாத்திலும் விசாரணையின்றிப் பெருந்திரளான மக்களைக் கொல்லச் செய்தவர். ஜூலையில் கான்பூரில் ஆங்கிலேயப் பெண்களும் குழந்தைகளும் கொல்லப்பட்ட பின், கைதிகளை இழிவுபடுத்தித் தூக்கிலிட ஆணையிட்டவர். இந்தச் செயல்களைப் பாராட்டி எழுப்பப்பட்ட இச்சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. இதை அகற்றக் கோரி 1927இல் சத்தியாக்கிரகம் நடந்தது. 1937இல் சாலையிலிருந்து அகற்றப்பட்டது."

பீபிகரை நான் விடவில்லை என்பதைக் கூவம்கரை கவனிப்பார் என்று நம்புகிறேன்.

---

கூவம்கரை எழுதியது:

கவனித்தேன், நன்றி. "பெருந்திரளான" என்பதற்குப் பதிலாக, ஊர்கள் கொளுத்தப்பட்டதையும் மரங்களில் தூக்கிலிட்டதையும் நேராகவே எழுதலாம். பீடத்தில் இருந்த பழைய புகழுரையையும் அப்படியே பக்கத்தில் தமிழில் தர வேண்டும். அவர்கள் எழுதியது, நாம் எழுதியது என்று இரண்டையும் வாசிப்பவர் ஒப்பிடட்டும்.

---

பொருநைக்கரையோன் எழுதியது:

சத்தியாக்கிரகம் நடந்தது என்று மொட்டையாக விடாமல், சோமயாஜுலு, அஞ்சலையம்மாள், அம்மாக்கண்ணு ஆகியோரின் பெயர்கள் அந்த வரியில் வர வேண்டும். தளபதிக்குப் பிறந்த ஆண்டும் இறந்த ஆண்டும் இருக்கும்போது, அவரை இறக்கச் சிறை சென்றவர்களுக்குப் பெயராவது இருக்க வேண்டும்.

---

வாசுகி (பிரிஸ்டல்) எழுதியது:

ஒரு வரி சேர்க்க வேண்டுகிறேன். நீலின் இன்னொரு சிலை அவர் பிறந்த ஸ்காட்லாந்தில், அயர் நகர வெலிங்டன் சதுக்கத்தில், பீடத்தின் மீது இன்றும் நிற்கிறது. நம் வரைவு முடிவானதும் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து அந்த ஊராட்சி மன்றத்துக்கு அனுப்பும் வேலையை நான் ஏற்கிறேன். சட்டமுனி ஐயா கடிதத்தை ஒருமுறை பார்த்துத் தந்தால் உதவியாக இருக்கும்.